உங்கள் தெருவின் விதியைப் படித்திருக்கிறீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பாட்டு கேட்பார்கள். பையன் கேம்ஸ் வேண்டும் என்பான். கல்யாண போட்டோக்களை ஒரு போல்டரில் போட்டு வைப்பார்கள். ரயில் டிக்கெட் எடுத்துப் பார்ப்பார்கள். கரண்ட் பில் கட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தலாமா, தெருவில் பந்தல் போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், முனையில் இட்லிக் கடை போட்டிருப்பவருக்கு அங்கே நிற்க உரிமை உண்டா என்று இன்டர்நெட்டில் ஒரு முறையாவது தேடிப் பார்த்தீர்களா?

நானும் பார்த்ததில்லை. இன்ஜினியரிங் படித்து, சில வருடங்களாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். எந்த நாட்டு வங்கியின் விதியைக் கேட்டாலும் நிரலாக எழுதிக் கொடுப்பேன். என் தெருவின் விதி எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் அது எனக்கு நன்றாக உறைத்தது.

இட்லி வண்டி போன நாள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்ற வைத்தால் ஒன்பதரைக்குள் எல்லாம் விற்றுவிடும். கடந்த ஆண்டு ஒரு நாள் அவருடைய வண்டி, அடுப்பு, பாத்திரம், மாவு எல்லாவற்றையும் நகர நிர்வாகத்தின் லாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல வேலை பார்க்குறியே, இதுக்கு எதாவது வழி இருக்கா பாரு" என்றார்.

அதற்குள் தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டார்கள். மூவாயிரம் கொடுத்தால் வண்டி வந்துவிடும் என்றார் ஒருவர். ஏலம் விட்டுவிடுவார்கள், மறந்துவிடு என்றார் இன்னொருவர். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தகவலைக் காட்டி, ஏழைகளின் வண்டியைத் தொடவே கூடாது, கோர்ட்டே சொல்லிவிட்டது என்றார் மூன்றாமவர். யாரும் எந்தச் சட்டத்தையும் படித்துச் சொல்லவில்லை.

நான் பிரவுசரைத் திறந்தேன். முதலில் வந்தவை எல்லாம் வீடியோக்களும் கேள்வி பதில் பக்கங்களும்தான். பிறகு 'இந்தியா கோட்' என்ற மத்திய அரசின் தளத்துக்குப் போனேன். நாட்டின் மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் கிடைத்தது. 2014ஆம் ஆண்டு மே 1 முதல் அமலில் இருக்கும் சட்டம் அது. தேடி எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

18ஆவது பிரிவு, வியாபாரியை இடம் மாற்றவோ வெளியேற்றவோ 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. 19ஆவது பிரிவு, பொருளைக் கைப்பற்றினால் அதற்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும், கைப்பற்றிய அதிகாரி கையெழுத்திட்டு அதன் நகலை வியாபாரியிடம் தர வேண்டும் என்கிறது. உரிய கட்டணம் கட்டித் திருப்பிக் கேட்டால், கெட்டுப்போகாத பொருளை இரண்டு வேலை நாட்களுக்குள்ளும், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கேயும் கொடுத்துவிட வேண்டும். அக்காவுக்கு நோட்டீஸும் வரவில்லை, பட்டியலும் தரவில்லை.

அந்தப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு அக்காவுடன் அலுவலகத்துக்குப் போனேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. அங்கிருந்த எழுத்தர் இரண்டு முறை படித்தார். உள்ளே போய் யாரிடமோ காட்டினார். பட்டியல் எழுதினார்கள், கட்டணத்துக்கு ரசீது கொடுத்தார்கள், அடுத்த நாள் மாலை வண்டியும் பாத்திரமும் வந்தன. மாவு போனது போனதுதான். கிளம்பும்போது அந்த எழுத்தர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "சார், இது எங்ககிட்டயே இல்ல. ஒரு காப்பி குடுத்துட்டுப் போங்க."

விதிக்கு மூன்று அடுக்கு

கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு அடுக்கு. அதன் மேல் ஓடும் அப்ளிகேஷன் இன்னொரு அடுக்கு. அந்த அப்ளிகேஷனுக்குள் நீங்கள் மாற்றி வைக்கும் செட்டிங்ஸ் மூன்றாவது. ஒரு புரோகிராம் நீங்கள் நினைத்தபடி ஓடவில்லை என்றால் எந்த அடுக்கில் கோளாறு என்று பார்க்க வேண்டும். தெருவின் விதிகளும் இப்படித்தான் இருக்கின்றன.

முதல் அடுக்கு மத்தியச் சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்டும் முறை பற்றிய 2017ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டின் விதிகள், மேலே சொன்ன 2014ஆம் ஆண்டின் சட்டம் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது அடுக்கு மாநில அரசின் சட்டமும் அரசாணையும். மூன்றாவது அடுக்கு உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியின் தீர்மானமும், உள்ளூர்ப் போலீசாரின் போக்குவரத்து உத்தரவும்.

மேல் அடுக்கில் ஒன்று மாறினால் கீழே உடனே மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் திருத்தத்தில் ஹெல்மெட் போடாததற்கான அபராதம் 1,000 ரூபாய் ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருத்தம் அமலுக்கு வந்தது. ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் அந்த இடத்திலேயே கட்டும் தொகையை முடிவு செய்வது மாநில அரசு. தமிழகத்தில் அந்தத் தொகை 2022 அக்டோபரில்தான் உயர்ந்தது. இடைப்பட்ட மூன்று வருடமும் "ஆயிரமா நூறா" என்று டீக்கடைகளில் வாதம் செய்தவர்களில் பாதிப்பேர் முதல் அடுக்கைப் பேசினார்கள், மீதிப்பேர் இரண்டாவது அடுக்கைப் பேசினார்கள். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் அடுக்கில் சரிதான்.

மாநில அடுக்கில் இன்னொரு வேடிக்கை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் எழுதப்பட்டது 1998ல். நடுவில் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதற்கான விதிகளோடு அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். அதுவரை சென்னைக்கு 1919ஆம் ஆண்டுச் சட்டமும் நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டமும் ஓடிக்கொண்டிருந்தன. எனவே ஒரு சட்டத்தைப் படிக்கும்போது, அது எப்போது எழுதப்பட்டது என்பதோடு, இன்று அமலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பதிப்பு சாஃப்ட்வேரின் கையேட்டை வைத்துக்கொண்டு புதிய பதிப்பில் பட்டனைத் தேடினால் கிடைக்குமா?

வண்டியும் வாசலும்

உங்களுக்கு அன்றாடம் உதவும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஆவணம். ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாஹனில் இருந்தால் அவற்றை அசல் போலவே ஏற்க வேண்டும் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2018ல் மாநிலங்களுக்கு எழுதியது. அதே ஆண்டில் விதியையும் திருத்தியது. ஆனால் இதை "போனில் போட்டோ இருந்தால் போதும்" என்று மாற்றி எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். அமைச்சகம் சொன்னது டிஜிலாக்கரையும் எம்-பரிவாஹனையும்தான், கேலரியில் இருக்கும் போட்டோவை அல்ல. ஒரு வரி மாறியதில் எத்தனையோ பேர் நடுரோட்டில் வாக்குவாதம் செய்கிறார்கள்.

இரண்டு, வாசல். பல வீடுகளின் முன்னால் 'நோ பார்க்கிங்' என்று சொந்தச் செலவில் போர்டு தொங்கும். சிலர் பூந்தொட்டியையும் கல்லையும் ரோட்டில் வைத்துவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 116ஆவது பிரிவு, சாலையில் போக்குவரத்துப் பலகை வைக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும்தான் கொடுக்கிறது. எனவே நீங்கள் தொங்கவிடும் போர்டுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அதற்காக அடுத்த வீட்டு கேட்டை மறைத்து வண்டியை நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. வாசலை மறைப்பதும் நடைபாதையில் நிறுத்துவதும் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறுதான். இந்த இரண்டு வரியும் தெரிந்திருந்தால் எங்கள் தெருவில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

விசேஷம் என்றால் ஒலிபெருக்கியும் வரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் விதி. பண்டிகை, கலை நிகழ்ச்சி போன்றவற்றுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடமிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த விதி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அனுமதி என்பது அலைச்சல் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். 2019 செப்டம்பரில் சென்னையில் ஒரு கல்யாணத்துக்காகச் சாலையில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் ஒருவர் கீழே விழுந்து லாரியில் அடிபட்டு இறந்தார். என்னைப் போலவே சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, "ஒரு பேனர்தானே, இதுக்கெல்லாமா பர்மிஷன்?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் வர வர

இனி இட்லி அக்காவின் கதைக்கு வருகிறேன். வண்டி வந்துவிட்டது. ஆனால் மறுபடியும் அதே இடத்தில் நிற்கலாமா? அவரிடம் முறையான விற்பனைச் சான்றிதழ் இருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு மிகவும் பத்திரமாக வைத்திருந்தார். அதில் எங்கள் தெருவின் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பகுதி' என்று ஒரு சொல்லும் இருந்தது. எந்தப் பகுதி?

டெல்லியில் போட்ட சட்டத்தைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தவன் நான். என் தெருவைப் பற்றிய ஒரு வரியைப் பத்து நாள் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளூர் நிர்வாகத்தின் தளத்தில் 'அறிவிப்புகள்' என்று ஒரு பக்கம் இருந்தது. திறந்தால் கோணலாக ஸ்கேன் செய்த படங்கள். பைல்களின் பெயர் வெறும் எண்கள். எதற்குள் எங்கள் தெரு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் படிக்க வேண்டும். படித்தேன். கிடைக்கவில்லை.

கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இருபத்தாறாவது நாள் பதில் வந்தது. ஒரு தீர்மானத்தின் ஜெராக்ஸ். அதில் எங்கள் தெருவுக்கு நேராக, மேற்கு முனையிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை விற்பனைக்கு அனுமதி என்று இருந்தது. டிரான்ஸ்பார்மரைத் தாண்டினால் பள்ளிக்கூட கேட். காலையில் ஆட்டோக்களும் வேன்களும் அங்கேதான் திரும்புகின்றன. அக்காவின் வண்டி நின்றது டிரான்ஸ்பார்மரைத் தாண்டி இருபது அடியில்.

அதாவது விதி முழுக்க அக்கா பக்கமும் இல்லை, முழுக்க அதிகாரிகள் பக்கமும் இல்லை. நோட்டீஸும் பட்டியலும் தராதது அவர்கள் தவறு. எல்லையைத் தாண்டி நின்றது அக்காவின் தவறு. ஆனால் அந்த எல்லை எங்கே என்று யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. இப்போது வண்டி இருபது அடி மேற்கே நிற்கிறது. வியாபாரம் குறையவில்லை. "இதை அப்பவே சொல்லியிருந்தா நான் பாட்டுக்குத் தள்ளி நின்னிருப்பேனே தம்பி" என்றார். இருபது அடிக்காக அவருக்கு இரண்டு நாள் வருமானமும் ஒரு அண்டா மாவும் போனது.

என் கருத்து இதுதான். விதி நம் வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அது கண்ணில் படாமல் இருக்கிறது. நாடு முழுவதற்குமான சட்டம் கையில் கிடைக்கிறது. நம் சோற்றையும் தூக்கத்தையும் முடிவு செய்யும் தெரு உத்தரவு ஒரு அலமாரியில் தூங்குகிறது. இது தலைகீழாக இருக்க வேண்டும்.

படமாக இருக்கும் எழுத்து

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு கோபமும் வர வேண்டும். பல உத்தரவுகள் தளத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஸ்கேன் செய்த பக்கம் கம்ப்யூட்டருக்கு ஒரு போட்டோ மட்டுமே. அதில் எழுத்து இருப்பதே அதற்குத் தெரியாது. கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் தட்டி உங்கள் தெருவின் பெயரைத் தேடினால் ஒன்றும் வராது.

இன்னும் சில பைல்களில் எழுத்து உண்டு, ஆனால் அவை பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து குப்பையாக விழும். அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடைத் தன் தர நிர்ணயமாக ஏற்றது. ஆகவே ஆணை அன்றைக்கே வந்துவிட்டது. அதைக் கடைசி மேஜை வரை கொண்டு போகும் வேலைதான் முடியவில்லை.

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் விதிகளையும் உத்தரவுகளையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. மக்கள் மனு போட வேண்டிய தேவையே வரக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவின் நோக்கம். நான் இருபத்தாறு நாள் காத்திருந்தது சட்டம் நினைத்த வழி அல்ல.

எந்தெந்தத் தெருவில் எது வரை வியாபாரம் செய்யலாம், எந்தத் தெரு எந்த நேரத்தில் ஒருவழி, பந்தலுக்கும் ரோடு வெட்டுவதற்கும் யாரிடம் எவ்வளவு கட்டணம். இந்த மூன்றையும் தமிழில், யூனிகோடில், தெருப் பெயர் வரிசையில் ஒரே பக்கமாகப் போட்டால் போதும். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. ஒரு எக்செல் பைல் போதும். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நிர்வாகம் செய்யும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. இப்படித் தொடங்குங்கள்.

முதலில் டெஸ்க்டாப்பில் 'தெரு' என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். படிக்கும் ஒவ்வொரு சட்டத்தையும் உத்தரவையும் அதில் சேமியுங்கள். பைலின் பெயரில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து, மூலத்தைத் தேடுங்கள். வீடியோவோ பார்வர்ட் செய்தியோ ஒரு பிரிவின் எண்ணைச் சொன்னால், அந்த எண்ணை இந்தியா கோட் தளத்தில் திறந்து நீங்களே பாருங்கள். எண்ணே சொல்லாத செய்தியை நம்ப வேண்டாம்.

படிக்கும்போது மூன்று ஆங்கிலச் சொற்களைக் கவனியுங்கள். 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும். 'மே' என்றால் செய்யலாம், அது அதிகாரியின் விருப்பம். 'புரவைடட் தட்' என்று தொடங்கினால் அங்கே ஒரு விலக்கோ நிபந்தனையோ வருகிறது. 19ஆவது பிரிவில் கைப்பற்றுவதற்கு 'மே', பட்டியல் தருவதற்கு 'ஷல்'. எங்கள் அக்காவின் வண்டி வீடு திரும்பியது அந்த ஒரு சொல்லால்தான். மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேர் இந்த இடத்தில் தடுமாறக்கூடும். எனவே தமிழில் படித்தாலும் இந்தச் சொற்களை மட்டும் மூலத்தில் சரிபாருங்கள்.

ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள். தமிழ் எழுத்துகளை ஓரளவு படித்து எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். பிழைகள் இருக்கும். ஆனால் எந்தப் பக்கத்தில் உங்கள் தெரு இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது போதும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வண்டிக்கு அபராதம் என்று செய்தி வந்தால் அதில் உள்ள லிங்கைத் தட்டாதீர்கள். 2024ல் இ-சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. பைல் அனுப்பி, அதை போனில் நிறுவியவர்களிடம் பணம் பறித்த மோசடி நாட்டின் பல இடங்களில் நடந்தது. பிரவுசரில் நீங்களே பரிவாஹன் தளத்துக்குப் போய், இ-சலான் பகுதியில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். முகவரி ஜிஓவி டாட் ஐஎன் என்று முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லாரும் வக்கீலா?

இதை நண்பர்களிடம் சொன்னால் இரண்டு கேள்வி வருகிறது. எல்லாரும் சட்டம் படித்து எல்லாரும் வக்கீல் ஆக வேண்டுமா என்பது ஒன்று. வேண்டாம். ஹார்ட் டிஸ்க் எப்படிச் சுழல்கிறது என்று தெரியாமலே நீங்கள் கம்ப்யூட்டரை ஓட்டுகிறீர்கள். ஆனால் பேக்கப் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதே அளவுதான் இதுவும். உங்களைத் தொடும் பத்து வரி தெரிந்தால் போதும். சிக்கல் பெரிதானால் வக்கீலிடம்தான் போக வேண்டும். அப்போதும் அந்தப் பத்து வரி தெரிந்தவர் சரியான கேள்வியைக் கேட்பார்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கசப்பானது. விதி தெரிந்து என்ன பயன், யார் மதிக்கிறார்கள்? நியாயமான கேள்வி. அச்செடுத்த காகிதம் எல்லா அலுவலகத்திலும் வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரிடம் பிரிவு எண்ணைச் சொல்லி வாதாடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் விதி தெரியாத இடத்தில் நமக்கு இரண்டே வழிதான். கெஞ்ச வேண்டும், இல்லை காசு கொடுக்க வேண்டும். தெரிந்துவிட்டால் மூன்றாவதாக ஒரு வழி கிடைக்கிறது. பணிவாக ஒரு காகிதத்தை நீட்டி, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லலாம். அன்றைக்கு அந்த எழுத்தர் பார்த்தார். அவருக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

தெரு உத்தரவின் ஜெராக்ஸை நான் யூனிகோடில் அடித்து, பெரிய எழுத்தில் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். சான்றிதழோடு சேர்த்து அதே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் பூ விற்கும் அம்மாவும் பழக்கடைக்காரரும் தங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு மனு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் உங்கள் ஊர் நிர்வாகத்தின் தளத்தைத் திறந்து, உங்கள் தெருவின் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் சேமித்து வையுங்கள். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் ஸ்டாம்ப் வாங்குங்கள்.